கோடு குறுக்கா, நெடுக்கா? கையால் செய்த வில்லில் குறை பார்ப்பது எப்படி

கையால் செய்த மரபு வில் வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்ததும் கண்ணில் படுவது வார்னிஷ் வழிந்த தடம், தோல் உறையில் கோணல் தையல், ஓரத்தில் பசைக் கறை, மரத்தில் ஒரு கருப்புப் புள்ளி. உடனே படம் எடுத்து, "இது உடையுமா?" என்று நாலு பேரிடம் கேட்கிறோம். அதே வில்லில் அரையடி தள்ளி, தலைமுடியைவிட மெல்லிய குறுக்குக் கோடு ஒன்று இருக்கலாம். அது படத்திலேயே விழுந்திருக்காது. கண்ணை உறுத்தும் குறைகளில் பெரும்பாலானவை வில்லை உடைப்பதில்லை. உடைக்கக்கூடியதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

தேடுவதற்கு முன் வில்லின் பக்கங்கள் தெரிந்திருக்க வேண்டும். வில்லை ஏந்தி நிற்கும்போது இலக்கைப் பார்த்திருப்பது முதுகு, நம்மைப் பார்த்திருப்பது வயிறு. கைப்பிடிக்கு மேலும் கீழும் வளைகிற இரண்டு பகுதிகளும் லிம்ப். நுனியில் நாண் உட்காரும் பள்ளம் குதை. நாணை இழுக்கும்போது முதுகு நீட்டி இழுபடுகிறது, வயிறு நசுங்குகிறது. மரத்தின் நார், மூங்கிலின் நார், வில்லில் ஒட்டும் ஃபைபர்கிளாஸ் பட்டையின் இழை எல்லாமே நெடுக்காகத்தான் ஓடுகின்றன. நெடுக்குக் கோடு என்றால் நாருக்கும் நாருக்கும் இடையே விழுந்த பிளவு. சுமை தாங்கும் நார் அறுபடவில்லை. குறுக்குக் கோடு என்றால் நாரே அறுந்திருக்கலாம். அதனால் எந்தக் குறையைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியவை மூன்று: எந்தப் பக்கம், எந்தத் திசை, வளைகிற இடத்திலா வளையாத இடத்திலா.

முதுகில் குறுக்குக் கோடு என்றால் பேச்சே இல்லை. நாணை இறக்கி வைத்துவிட வேண்டும். இன்னும் ஓர் அம்பு விட்டுப் பார்க்கலாம் என்று நினைக்கவே கூடாது. இழுபடும் பக்கத்தில் அறுந்த நார் அடுத்த இழுப்பில் பக்கத்து நார்களையும் கூட்டிக்கொண்டு போகும், உடைந்த துண்டு முகத்துக்கு நேராக வரும்.

வயிற்றில் வரும் குறுக்குக் கோடு வேறு வகை. மிக மெல்லியதாக, சில சமயம் வரிசையாக நாலைந்து சேர்ந்து, நகத்தால் தடவினால் சிறு மேடாகத் தட்டுப்படும். இது நசுங்கல் கோடு. அந்த இடத்தில் லிம்ப் மற்ற இடங்களைவிட அதிகமாக மடங்குகிறது, மரம் தாங்காமல் உள்ளே நொறுங்குகிறது. யூ, ஆஷ் மரங்களில் செய்த ஒற்றை மர வில்களில், குறிப்பாக ஒரு கணுவை ஒட்டி, இதைப் பார்க்கலாம். பசை ஊற்றி இதைச் சரிசெய்ய முடியாது. நொறுங்கிய மரம் பசையால் பழைய மரமாகாது. மற்ற இடங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அராவி வளைவைப் பரப்பி, வில்லின் பவுண்டை, அதாவது அதை முழுதாக இழுக்கத் தேவைப்படும் விசையை, குறைப்பதுதான் வழி. அதைச் செய்தவரே செய்வது நல்லது. அதுவரை முழு இழுப்பு வேண்டாம்.

இந்த விதிக்கு ஒரு விலக்கு உண்டு. அதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறோம். கெட்டியாக, தடிமனாகப் பூசிய வார்னிஷும் குறுக்காகத்தான் வெடிக்கும். மரம் வளையும், வார்னிஷ் வளையாது. கைப்பிடி மெலிந்து லிம்ப்பாக மாறும் இடத்தில் இது அதிகம். பார்வைக்கு அச்சு அசலாக மரம் வெடித்தது போலவே இருக்கும். வேறுபடுத்த இரண்டு படி. முதலில் டார்ச்சை லிம்ப்போடு படுக்கவைத்தாற்போலச் சாய்த்து அடித்துப் பார்க்க வேண்டும். மேற்பூச்சின் வெடிப்பு ஒளியை மாற்றி மாற்றிச் சாய்க்கும்போது தோன்றி மறையும். அது போதவில்லை என்றால், 600 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, கோட்டின் மேல் ஒரு விரல் நுனி அகலத்துக்கு மட்டும், நெடுக்காக மென்மையாகத் தேய்க்க வேண்டும். பூச்சு போனதும் கோடும் போனால் பூச்சின் குறை. பூச்சு போன பிறகும் கோடு நின்றால் மரத்திலோ ஃபைபர்கிளாஸிலோ குறை. கிளாஸ் வரை தேய்க்க நேர்ந்தால் முகமூடி கட்டாயம். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. ஒன்று முக்கியம்: செய்தவருக்குத் தெரிவிக்காமல் இந்த இரண்டாம் படிக்குப் போகக் கூடாது. தேய்த்த வில்லைத் திருப்பி வாங்கச் சொல்லி யாரிடமும் கேட்க முடியாது.

நெடுக்குக் கோடு எல்லாம் பாவமற்றவை என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மரம் காயும்போது விழுந்த வெடிப்பு லிம்ப்பின் நடுவே நெடுக்காக ஓடி, ஓரத்தைத் தொடாமல் முடிந்தால் அது தோற்றக் குறை மட்டுமே. தண்ணீர் போல மெல்லிய சூப்பர் குளூவைச் சொட்டுச் சொட்டாக விட்டால் உறிஞ்சிக்கொள்ளும், காய்ந்ததும் தேய்த்துவிடலாம். அதே வெடிப்பு சாய்வாகப் போய் ஓரத்தைத் தாண்டி வெளியேறினால் கதை மாறுகிறது. அந்த முனையில்தான் சிலாம்பு கிளம்பும். பட்டு நூலோ லினன் நூலோ கொண்டு பசை தடவி, வெளியேறும் இடத்துக்கு இருபுறமும் 2 செ.மீ. சேர்த்து நெருக்கிச் சுற்ற வேண்டும்.

ஃபைபர்கிளாஸ் ஒட்டிய வில்லில் நுனிக் குதையிலிருந்து கீழ்நோக்கி நெடுக்காக ஓடும் வெள்ளைக் கோட்டை மட்டும் அலட்சியம் செய்யவே கூடாது. காலுக்கிடையே வில்லைக் கொடுத்து நாணேற்றும் பழக்கத்தால் லிம்ப் முறுக்கிக்கொண்டு இந்தப் பிளவு வரும். கிளாஸின் இழைகள் ஒரே திசையில் ஓடுவதால் முறுக்குக்கு அதனிடம் பதில் இல்லை. பிளவுக்குள் மெல்லிய சூப்பர் குளூ, மேலே 2 முதல் 3 செ.மீ. நூல் சுற்று, இனிமேல் நாணேற்றுவது இரண்டு நுனியிலும் மாட்டி வில்லை வளைக்கும் கயிற்றால் மட்டும். இத்தனையும் செய்த பிறகும் பிளவு நீண்டால் அந்த லிம்ப்பை நம்ப வேண்டாம்.

ஒற்றை மர வில்லின் முதுகை எப்படிப் படிப்பது என்று தனியாகச் சொல்ல வேண்டும். வாங்குபவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். நல்ல வில்லில் முதுகு என்பது ஒரே ஆண்டு வளையம். மரம் ஓர் ஆண்டில் வளர்த்த ஒரே அடுக்கு, நுனி முதல் நுனி வரை அறுபடாமல் ஓடும். மரம் மேடு பள்ளமாக வளர்ந்திருந்தால் அந்த வளையத்தைப் பின்பற்றும் முதுகும் மேடு பள்ளமாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து, இழைக்கத் தெரியாதவர் செய்தது என்று நினைப்பது அநியாயம். கண்ணாடி போல வழவழப்பாக இழைத்த முதுகில்தான் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். அங்கே நிலவரைபடத்தின் உயரக்கோடுகள் போலத் தீவு தீவாகவோ வி வடிவமாகவோ ரேகைகள் தெரிந்தால், வளையங்களை வெட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஒவ்வொரு தீவின் விளிம்பும் அறுபட்ட நார். கைப்பிடிக்கு அருகிலும், வளையாத நுனி 10 செ.மீ.யிலும் அப்படி இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். லிம்ப்பின் நடுவே இருந்தால், முதுகில் லினன் துணியோ பதப்படுத்தாத தோலோ ஒட்டாமல் அந்த வில்லை இழுக்கக் கூடாது.

பலகையிலிருந்து அறுத்துச் செய்த வில்லுக்கு இந்தக் கணக்குக் கொஞ்சம் வேறு. அங்கே ரேகைகள் முதுகில் நேர்கோடுகளாக நுனி வரை போக வேண்டும். நடுவழியில் சாய்ந்து ஓரத்தில் இறங்கிவிட்டால் அதே ஆபத்து.

கணுக்களுக்கு வருவோம். 1 முதல் 3 மி.மீ. அகலமுள்ள ஊசிக் கணுக்கள் யூ மரத்தில் கூட்டமாக இருக்கும். அழகு என்றே சொல்லலாம். பெரிய கணு இருந்தால், அதைச் சுற்றி மரத்தைக் கொஞ்சம் தடிப்பாக விட்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். 1545இல் மூழ்கி 1982இல் மேலே கொண்டுவரப்பட்ட மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலோடு, நூற்றுக்கும் மேற்பட்ட யூ மர வில்கள் கிடைத்தன. போருக்கென்று செய்த அந்த வில்களிலும் கணு இருக்கும் இடத்தில் மரத்தை மேடாகவே விட்டிருக்கிறார்கள். கணுவைச் சுற்றி நார் வளைந்து ஓடுகிறது. மேட்டைச் சமமாக்கினால் வளைந்த நார் அறுபடும். லிம்ப் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கணுவே பிடித்துக்கொண்டிருந்தால், மேடு விட்டிருந்தாலும் நான் வாங்க மாட்டேன்.

மூங்கிலில் இது இன்னும் தெளிவு. முதுகுக்கு மூங்கில் பட்டை ஒட்டிய வில்லில் கணுக்கள் புடைத்துக்கொண்டு நிற்கும். நிற்கட்டும். அதை இழைத்துச் சமமாக்கிய வில் படத்துக்கு அழகாக இருக்கும், சிலாம்பு அந்தக் கணுவில்தான் கிளம்பும். நிமிர்த்துவதற்காக நெருப்பில் வாட்டிய பழுப்புக் கறையும் பிரச்சினை இல்லை. கரியாகித் தொட்டால் உதிரும் அளவுக்குக் கருகியிருந்தால் மட்டும் மறுக்கலாம். ஆனால் ஊசியால் குத்தியது போன்ற ஓட்டைகளும், தட்டினால் மாவு போல் கொட்டும் தூளும் தெரிந்தால் மூங்கில் உளுக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். வண்டு உள்ளே இருக்கிறது. அதை அழகுக் குறை என்று சொல்லி யார் விலை குறைத்தாலும் வாங்க வேண்டாம்.

நிற வேறுபாடு பெரும்பாலும் பலத்தைத் தொடுவதில்லை. யூ மரத்தில் வெளிப்பகுதி வெளுப்பாகவும் நடுவிலுள்ள வைரப் பகுதி செம்பழுப்பாகவும் இருப்பது இயல்பு. ஓசேஜ் ஆரஞ்சு மரம் வெட்டியதும் மஞ்சளாக இருந்து, வெயில் பட்டு நாளடைவில் பழுப்பாகும். சில வில்களில் சேர்க்கும் எருமைக் கொம்பில் கருப்பும் வெளுப்புமாக வரி ஓடும். மரத்தில் கருநீலக் கறை தெரிந்தால் மட்டும் நகத்தால் அழுத்திப் பார்க்கலாம். நகம் இறங்கினால் பூஞ்சை மரத்தைத் தின்றிருக்கிறது.

இரண்டு லிம்ப்பும் ஒன்றுபோல இல்லை என்பது அடிக்கடி வரும் மனக்குறை. மேல் லிம்ப் ஓரிடத்தில் 32 மி.மீ. அகலம், கீழ் லிம்ப் அதே இடத்தில் 31. ஓரம் லேசாக அலைபாய்கிறது. இதற்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்லை. லிம்ப்பின் விறைப்பு அகலத்தோடு நேர்விகிதத்தில் மாறும், தடிமனோடு மும்மடிப் பெருக்கமாக மாறும். அகலம் 5 சதவீதம் கூடினால் விறைப்பு 5 சதவீதம் கூடும். 10 மி.மீ. தடிமனில் அரை மி.மீ. கூடினால், அதுவும் 5 சதவீதம்தான், விறைப்பு ஏறத்தாழ 16 சதவீதம் ஏறிவிடும். ஒரே மரத்தில்கூட மேலும் கீழும் அடர்த்தி ஒன்றாக இருக்காது. அதனால் செய்பவர் அளவுகோலை நம்பாமல் வளைவை நம்பி, விறைப்பான இடத்தில் சுரண்டிக்கொண்டே போகிறார். அளவில் சமமாக இருந்து வளைவில் சமமில்லாத வில்லைவிட, வளைவில் சமமாக இருந்து அளவில் பிசகிய வில் ஆயிரம் மடங்கு மேல்.

எனவே அளக்க வேண்டியது வேறு. நாணேற்றிய வில்லில், கைப்பிடி முடிந்து லிம்ப் தொடங்கும் இடத்திலிருந்து நாண் வரை மேலும் கீழும் அளக்க வேண்டும். மூன்று விரலால் இழுக்கும் வில்லில் மேல் அளவு 3 முதல் 6 மி.மீ. கூடுதலாக இருப்பது வழக்கம். கட்டைவிரலால் இழுக்கும் ஆசிய வில்களில் இரண்டும் ஏறத்தாழச் சமமாக இருக்கலாம். அடுத்து, வயிற்றுப் பக்கமிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் நாண் இரண்டு நுனிகளின் நடுவிலும் கைப்பிடியின் நடுவிலும் ஓட வேண்டும். 2 அல்லது 3 மி.மீ. விலகல் ஒற்றை மர வில்லில் சாதாரணம். நாண் குதையைவிட்டு நழுவப் பார்க்கிறது என்றால் அது முறுக்கு, திருப்பி அனுப்ப வேண்டிய குறை.

இதிலும் மரபைத் தெரிந்துகொண்டு பேச வேண்டும். ஜப்பானியரின் யூமி ஏறத்தாழ 221 செ.மீ. உயரமுள்ள மூங்கில் வில். அதில் வில்லாளியின் பக்கமிருந்து பார்க்கும்போது நாண் நடுவைவிட்டுச் சற்று வலப்பக்கம் ஓடுவதுதான் சரி. அதற்கு இரிகி என்றே பெயர். அம்பு வில்லின் வலப்புறமாகப் போவதால் அந்த விலகல் அம்புக்கு உதவுகிறது. இடப்பக்கம் விலகினால்தான் அவர்கள் குறை என்பார்கள். கொரியாவின் கொம்பு வில்லான கக்குங் எருமைக் கொம்பு, மூங்கில், தசைநார், மீன் பசை கொண்டு செய்வது. ஈரம் வாங்கினால் தளர்ந்துவிடும் என்பதால் மிதமான சூடுள்ள பெட்டியில் வைத்துக் காக்கிறார்கள். நாணேற்றும்போது லிம்ப்பைச் சூடு காட்டி நேராக்குவது வில்லாளியின் அன்றாட வேலை. அந்த வில்லில் கொஞ்சம் கோணல் கண்டு பதறுவது, வீணையின் தந்தி சுருதி இறங்கியதற்காக வீணையைக் குறை சொல்வது போன்றது.

நாண் இறக்கிய ஒற்றை மர வில் கொஞ்சம் நாண் பக்கமாகவே வளைந்து நிற்கும். 2.5 செ.மீ. வரை மிக நல்ல வில், 5 செ.மீ. வரை ஏற்கலாம். வாரா வாரம் இந்த அளவு கூடிக்கொண்டே போனால் மரத்தில் ஈரம் ஏறியிருக்கிறது, அல்லது தாங்க முடியாத நீளத்துக்கு இழுக்கிறீர்கள். மர வில்கள் 8 முதல் 10 சதவீத ஈரத்தில் நன்றாக வேலை செய்யும். சென்னை போன்ற கடலோர ஊரில், திறந்த அறையில் வைத்த மரம் 13, 14 சதவீதத்துக்குப் போய் நின்றுவிடும். குளிர் நாட்டிலிருந்து வாங்கிய வில் இங்கே பவுண்டு குறைந்து, வளைந்து போவதற்கு இதுதான் காரணம். செய்தவரைக் குறை சொல்ல முடியாது. சிலிக்கா ஜெல் பையோடு மூடிய உறையில், படுக்கையாகவோ இரண்டு ஆணியில் மாட்டியோ வைக்கலாம். மதிய வெயிலில் மூடிய காரில் எந்த வில்லையும் விடக் கூடாது. எபாக்சிப் பசை அந்தச் சூட்டில் இளகும்.

ஒட்டு வில்லின் ஓரத்தில் பசைக் கோடு ஓரிடத்தில் தடிப்பாகவும் ஓரிடத்தில் மெல்லியதாகவும் தெரிவது தோற்றக் குறைதான். ஆனால் ஒட்டு பிரிந்திருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். 80 ஜிஎஸ்எம் காகிதம் ஏறத்தாழ 0.1 மி.மீ. தடிமன். அதன் ஓரத்தைப் பசைக் கோட்டில் வைத்து நகர்த்தினால் எங்கும் உள்ளே நுழையக் கூடாது. நுழைந்தால் அங்கே பிளவு. பிறகு ஒரு நாணயத்தால் லிம்ப் நெடுகத் தட்டிக்கொண்டே போகலாம். கணீரென்ற ஒலி ஓரிடத்தில் மொத்தென்று மாறினால் உள்ளே இடைவெளி இருக்கலாம். ஒளி புகும் கிளாஸின் அடியில் தனியாக ஒரு காற்றுக் குமிழ் தெரிவது ஒன்றும் செய்யாது. கூட்டமாக, அதுவும் கைப்பிடி மெலியும் இடத்தில் தெரிந்தால் கேள்வி கேட்க வேண்டும்.

தோல் உறையின் சுருக்கம், மாட்டின் பழைய தழும்பு, கோணல் தையல் எல்லாம் விட்டுவிடலாம். தோலுக்கு அடியில் புடைப்பு தட்டுப்பட்டால் மட்டும் விடக் கூடாது.

அரத் தடங்களிலும் திசைதான் முக்கியம். வயிற்றில் நாலு கீறல் இருந்தால் இருக்கட்டும். முதுகில் குறுக்கே ஆழமான கீறல் இருந்தால் அது உடைப்புக்குப் போட்ட பிள்ளையார் சுழி. 320 எண் உப்புத்தாளால் நெடுக்காகத் தேய்த்து, கீறலின் விளிம்பு மழுங்கும் வரை குறைக்க வேண்டும். குதைப் பள்ளத்தின் விளிம்பு கூராக இருந்தால் நாணை அறுக்கும். பஞ்சைத் தடவிப் பார்த்தால் இழை மாட்டிக்கொள்ளும். 400 எண் உப்புத்தாளை நூல் போலச் சுருட்டி நாலைந்து முறை இழுத்தால் போதும். இதே பஞ்சை முதுகின் இரண்டு ஓரங்களிலும் நுனி வரை தடவினால் கண்ணுக்குத் தெரியாத சிலாம்பும் அகப்படும்.

பூச்சு பெயர்ந்து மரம் வெளியே தெரிந்தால் நாளை என்று தள்ளக் கூடாது, ஈரம் அந்த வழியாக ஏறும். 400, பிறகு 600 எண் உப்புத்தாளால் தேய்த்து, தூசி துடைத்து, காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை மெல்லிய துணியால் தேய்த்து ஒரு நாள் காயவிட்டு, மூன்று முறை பூசலாம். எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போட்டால் தானே தீப்பற்றும். விரித்து வெளியில் காயப் போட வேண்டும். அரக்கு பாலிஷ் போட்ட வில்லை ஸ்பிரிட்டால் துடைக்கக் கூடாது, பாலிஷே கரைந்துவிடும். அதில் மழை நாளில் பால் போல வெளுப்புப் படர்ந்தால் அது பூச்சில் சிக்கிய ஈரம் மட்டுமே.

புது வில்லை வந்த அன்றே முழுதாக இழுக்க வேண்டாம். ஒரு நாள் அறையில் நாணில்லாமல் கிடக்கட்டும். பகல் வெளிச்சத்தில் நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு, கயிற்றால் நாணேற்றி, பாதி இழுப்பில் 10 முறை, முக்கால் இழுப்பில் 10 முறை இழுத்து மெதுவாக விடுங்கள், அம்பில்லாமல் நாணைச் சுண்டிவிடாமல். டிக் என்று ஒலி கேட்டால் நிறுத்திப் பஞ்சையும் டார்ச்சையும் எடுக்க வேண்டும். பெரும்பாலும் கைப்பிடித் தோலின் பசையாக இருக்கும், இல்லாமலும் போகலாம். அம்பின் எடை ஒவ்வொரு பவுண்டுக்கும் 10 கிரெய்ன் குறையாமல் இருக்கட்டும். 40 பவுண்டு வில்லுக்கு 400 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 26 கிராம். அதைவிட இலகுவான அம்பு, வாங்க வேண்டிய சக்தியை வில்லிடமே திருப்பி விடும்.

செய்தவருக்கு எழுதும்போது, "கோடு தெரிகிறது" என்று ஒற்றை வரியில் முடித்தால் அவரால் ஒன்றும் சொல்ல முடியாது. எந்த லிம்ப், முதுகா வயிறா, நுனியிலிருந்து எத்தனை செ.மீ., கோட்டின் நீளம், நகத்தில் மாட்டுகிறதா, உங்கள் இழுப்பு நீளம், அம்பின் எடை ஆகியவற்றை எழுதி, பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுத்த நெருக்கப் படமும் நாணேற்றிய நிலையில் பக்கவாட்டுப் படமும் அனுப்புங்கள். குறை இருக்கிறது என்று சொல்லியே விலை குறைத்து விற்கும் வில்களிலும் நல்லவை உண்டு. பசைக் கறை, நிறம் ஒட்டாத நுனிப் பட்டை, வழிந்த வார்னிஷ் என்றால் தயங்காமல் வாங்கலாம். லிம்ப்பின் நடுவே அலங்காரம் போல ஒரு நூல் சுற்று இருந்தால், அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

ஆபத்தில்லை என்று முடிவு செய்த கோட்டையும் அப்படியே மறந்துவிடக் கூடாது. அதன் இரண்டு முனைகளிலும் கூரான பென்சிலால் புள்ளி வைத்து, தேதி எழுதிக்கொள்ளுங்கள். 50 அம்புக்குப் பிறகு ஒருமுறை, 200 அம்புக்குப் பிறகு ஒருமுறை பாருங்கள். கோடு புள்ளியைத் தாண்டாமல் நின்றால், அதன்பின் மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். அரை மி.மீ. தாண்டியிருந்தாலும் நாணை இறக்கிவிட்டுச் செய்தவருக்கு எழுதுங்கள்.